புளொப்பிக்கு வைத்த பொட்டு

1

கெட்டம்பே வரைக்கும் கோபம் துணைக்கு வந்தது. அதற்குப் பிறகு கால்தான் தனியாக நடந்தது.

மணி பதினொன்றேமுக்கால் இருக்கும். கண்டி குளிர்ச்சியான ஊர் என்று எழுதுகிறவர்கள் யாரும் அந்த நேரத்தில் கொழும்பு வீதித் தாரில் செருப்பில்லாமல் நின்றதில்லை. புல் இருக்கும் ஓரமாகப் பார்த்து நடந்தேன். புல் இல்லாத இடத்தில் ஓடினேன். சட்டைக்குள்ளே, வயிற்றோடு சேர்த்து, ஐந்தேகால் அங்குல புளொப்பி ஒன்றைச் செருகியிருந்தேன். இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால், அது கறுப்பு உறைக்குள் இருக்கும் மெல்லிய தட்டு. கணினிக்கு வேண்டியதையெல்லாம் அதில்தான் எழுதி வைப்போம். அது வளையக்கூடாது என்பதால் நெஞ்சை நிமிர்த்தியே நடக்க வேண்டியிருந்தது. எதிரே வந்தவர்கள், பெரிய மானஸ்தன் யாரோ போகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு பஸ் மெதுவாக்கி என் பக்கத்தில் உரசிக்கொண்டு வந்தது. "பிலிமத்தலாவ, கடுகண்ணாவ! மல்லி, நகின்ன, நகின்ன!" என்று நடத்துநர் மிதிபலகையில் தொங்கியபடி, தம்பி ஏறு என்று சிங்களத்தில் கூப்பிட்டார். ஏறவில்லை. உள்ளே இருந்த நெருக்கத்தில் தட்டு இரண்டாக மடிந்திருக்கும்.

பேராதனையில் கலஹா சந்தி வந்தது. இடப்பக்கம் திரும்பினால் தெல்தோட்டை, எங்கள் தேயிலைத் தோட்டம், எங்கள் லயத்து வரிசை வீடு. செருப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் அங்கே போய் நின்றால் அம்மா முதலில் எதைக் கேட்பார் என்று யோசித்தேன். திரும்பாமல் நேரே பாலத்தைத் தாண்டினேன்.

எங்கே போகிறேன் என்பது எனக்கே தெரியாது. ஆனால் இரண்டரை மணிக்கு என்ன நடக்கும் என்பது தெரியும். கண்டி நகரத்திலேயே அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

2

இதை நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே தெல்தோட்டையை விட அதிகமாக மழை பெய்கிறது. தேயிலை மட்டும்தான் இல்லை.

என் வேலையைப் பற்றி ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு விளங்கும்படி சொல்ல இத்தனை வருடமாக முயல்கிறேன். கப்பல்களின் எஞ்சின் அறையில் கணினிகள் இருக்கின்றன. அந்தக் கணினிக்குள் ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் எவ்வளவு இடம் கொடுப்பது, யார் விட்டுப் போனார்கள், விட்ட இடத்தை அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று பங்கிடும் பகுதியை நான் எழுதுகிறேன். லயத்தில் குடும்பங்களுக்குக் காம்பரா, அதாவது அறை, பங்கிடுவது போலத்தான். வித்தியாசம், இங்கே யாரும் கணக்கப்பிள்ளையின் சொந்தக்காரர் இல்லை.

எங்கள் கம்பனியை இப்போது இதைவிடப் பெரிய கம்பனியொன்று வாங்கிவிட்டது. வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நிரப்ப வேண்டும். பெயர், பிறந்த ஊர், தனிப்பட்ட ஆர்வங்கள். பிறகு ஒரு கட்டம்: "இந்தத் தொழிலைக் கற்ற நிறுவனம்."

வெறுமையாக விட்டேன். சிவப்பு எழுத்தில் திட்டியது. ஒரு கோடு போட்டேன். ஐந்து எழுத்தாவது வேண்டுமென்றது. "யாருமில்லை" என்று நோர்வேஜிய மொழியில் எழுதினேன். அப்படி ஒரு நிறுவனம் பட்டியலில் இல்லையென்றும், அது புதியதா என்றும் கேட்டது. இதே மாதிரி ஒரு கட்டத்தை ஏமாற்ற எனக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் ஐம்பது வயது தாண்டிய மனிதன் படிவத்தை ஏமாற்றலாமா என்று ஆளணிப் பிரிவில் இருக்கும் இங்ரிட்டிடமே போனேன்.

"எங்காவது கற்றிருப்பீர்கள்தானே, ரவி?" என்றாள் அவள்.

"ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன்."

"அதற்குப் பிறகு?"

அதற்குப் பிறகுதான் பிரச்சினை. கலகெதரவில் பேக்கரி. ஒரு லொறியில் கிளீனர். கண்டிச் சந்தையில் மரக்கறிக் கூடை தூக்கியது. இங்ரிட் நல்ல பெண். ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, "இதில் எது நிறுவனம்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இது. கட்டத்துக்குள் அடங்கவில்லை.

3

கண்டியில், சந்தைக்குப் பக்கத்து மாடியொன்றில், தட்டச்சும் கணினியும் கற்பிக்கும் நிலையம் இருந்தது. பொன்னுசாமி முதலாளி நடத்தினார். கீழே அவருக்குத் துணிக்கடை. மேலே முன்பக்கம் பன்னிரண்டு தட்டச்சு இயந்திரங்கள். பின்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை. அதற்குள் குளிரூட்டி, கம்பளம், நான்கு கணினிகள்.

அந்த அறைக்குள் செருப்போடு யாரும் போகக்கூடாது. தூசு பட்டால் கணினி பழுதாகும் என்று முதலாளிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் அதைக் கோயில் அளவுக்குக் கொண்டுபோனார். கதவுக்கு வெளியே எப்போதும் இருபது சோடி செருப்புக் கிடக்கும். புதிதாகச் சேர வந்த ஒருவர் காலைக் கழுவிவிட்டு உள்ளே போய், கன்னத்தில் போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன்.

எனக்கு அங்கே கூட்டுவதும் தேத்தண்ணி ஊற்றுவதும் வேலை. கம்பளத்தைத் தட்டும்போது அலுமாரியில் இருந்த தடித்த ஆங்கிலக் கையேடுகளைக் கண்டேன். யாரும் பிரித்ததில்லை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒரு பழைய அகராதியை வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பக்கம் என்று வாசிக்கத் தொடங்கினேன். முதல் மூன்று மாதம் ஒரு மண்ணும் விளங்கவில்லை. நாலாவது மாதம், கையேட்டை எழுதியவனுக்கே ஓரிடத்தில் சரியாக விளங்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. அன்றைக்குத்தான் துணிச்சல் வந்தது.

கணினி அறையில் எல்லோரும் ஆங்கிலத்தில் கடிதம் அடித்துப் பழகிக்கொண்டிருக்க, நான் திரையில் தமிழ் வரவேண்டும் என்று புறப்பட்டேன். கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் ஒவ்வொரு எழுத்தையும் கட்டம் கட்டமாகக் கறுப்பாக்கினேன். கறுத்த கட்டம் ஒன்று, வெள்ளைக் கட்டம் பூச்சியம். பிறகு, ஆங்கில எழுத்தைத் திரையில் எழுதப் போகும் கணினியை நடுவழியில் மறித்து, என்னுடைய எழுத்தை அதன் கையில் கொடுக்கும் ஒரு சின்ன நிரல். ஒருமுறை ஓடவிட்டால் அது நினைவகத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு புளொப்பியை எடுத்துவிட்டாலும், மின்சாரம் போகும்வரை எழுந்திருக்காது.

பதினான்கு மாதம் ஆனது. நிரலின் கடைசி வரியில், "ஆக்கம்: க. ரவி, தெல்தோட்டை" என்று போட்டேன். ஓடவிட்டதும் அந்த வரி திரையின் அடியில் தமிழில் வரும். என் பெயரை அதற்கு முன் அச்செழுத்தில் பார்த்தது பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் மட்டும்தான். அதிலும் அப்பாவின் பெயர் பிழை.

முதலாளி பார்த்தார். இரண்டுமுறை பார்த்தார். "கொழும்பிலயிருந்து ஒரு பெரிய மனுசர் வாராரு. தமிழ்ல பாரம், கடிதம் எல்லாம் அடிக்கிறதுக்கு ஆளு தேடுறாரு. அவருகிட்ட இத ஓட்டிக் காட்டு. புடிச்சிருச்சின்னா ஒனக்கு உள்ளுக்கு ஒரு கதிரை போடுறேன்" என்றார்.

கதிரை. குளிரூட்டி அறைக்குள். நான் வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. உட்கார்ந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன்.

அவர் வரும் நாள் வாணி விழா முடிந்த மறுநாள் காலை, பத்து மணிக்கு.

4

படிவத்தில் "தனிப்பட்ட ஆர்வங்கள்" என்ற கட்டத்தை என் மகள் நிலா நிரப்பித் தந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது.

"அப்பா, உங்களுக்கு என்ன விருப்பம் எண்டு எழுதுறது?"

"நடக்கிறது எழுதுங்க."

"அது விருப்பமில்லை. பஸ்ஸைத் தவற விடுறது."

அவள் எழுதியவை: ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறுதல். கையேடு வாசித்தல். பழைய விசைப்பலகைகளைக் கழற்றிப் பூட்டுதல். கழற்றியது எல்லாம் பூட்டப்பட்டதில்லை என்று என் மனைவி பக்கத்தில் நின்று திருத்தம் சொன்னாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில், நிலா நடனமாடும்போது நான் மடியில் ஒரு செயலியின் கையேட்டை வைத்து வாசித்தது இன்றுவரை வழக்கில் இருக்கிறது.

வெளிநாட்டில் பிள்ளைகள் தமிழை விட்டுப் போகிறார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் வீட்டில் வேறு கதை. பிள்ளை தமிழிலேயே என்னை விட்டுப் போய்விட்டது. மனைவி யாழ்ப்பாணம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் முழுக்க யாழ்ப்பாணம். நான் "வாங்க, சாப்புடுவோம்" என்றால், "அப்பா ஏன் படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறார்?" என்று தாயிடம் கேட்கிறாள். என்னுடைய வீட்டில் நான் சிறுபான்மை.

ஆனால் அவள் "ஓம், வாறன், பொறுங்கோ" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வேறொருவரின் குரல் கேட்கும். கண்டி நிலையத்தில் தட்டச்சுக் கற்பித்த பரமேஸ்வரி ரீச்சர். அவரும் யாழ்ப்பாணம்தான். பிலிமத்தலாவையில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து போனவர். இரண்டு வருடத்தில் அந்த மாடியில் என்னை "நீர்" என்று மரியாதையாகக் கூப்பிட்டது அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் "டேய்."

என் தட்டை நாசமாக்கியதும் அவர்தான்.

5

வாணி விழா அன்று ஆயுதங்களுக்கெல்லாம் பூசை. தோட்டத்தில் தொழிற்சாலை இயந்திரத்துக்கும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் பொட்டு வைப்பார்கள். கண்டியில் கடை முதலாளிமார் தராசுக்கும் லொறிக்கும் வைப்பார்கள். எங்கள் மாடியில் பன்னிரண்டு தட்டச்சு இயந்திரத்துக்கும் நான்கு கணினிக்கும் ரீச்சர் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தார். கொப்பிகளும் பேனைகளும் சரஸ்வதி படத்தின் முன்னால் போயின. மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது.

நானும் விட்டுவைக்கவில்லை. பதினான்கு மாத உழைப்பு. நாளைக்குப் பெரிய நாள். என் புளொப்பியை அதன் காகிதக் கூட்டிலிருந்து எடுத்து, படத்தின் முன்னால் என் கையாலேயே வைத்தேன். பிரதி கிடையாது. முதலாளி தட்டுகளை எண்ணி அலுமாரியில் பூட்டி, ஆளுக்கொன்றுதான் தருவார்.

ஐந்தேகால் அங்குல புளொப்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலுபக்கமும் மூடிய கறுப்பு அட்டையில், ஒரு பக்கத்தில் நீளவட்டமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே பழுப்புநிறத் தட்டு மினுங்கும். கணினி அந்த வழியாகத்தான் தட்டைத் தொட்டு வாசிக்கும். கைவிரல்கூடப் படக்கூடாத ஒரே இடம் அது.

மறுநாள் காலை எட்டரைக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். அந்த நீளவட்டத்துக்குள், ஒரு மயிரிழை வெளியே வழியாமல், அழகாகச் சந்தனம். நடுவில் குங்குமம்.

"ரீச்சர்!"

"என்ன ரவி?"

"இதுல யாரு வச்சது?"

"நான்தான். ஏன், வடிவாய் இல்லையோ?" அவர் கிட்ட வந்து பார்த்தார். "மற்ற இடமெல்லாம் கறுப்பு. அந்த இடத்தை மட்டும் விட்டிருக்கினம். பொட்டுக்கெண்டுதானே விட்டிருப்பினம்?"

உலகத்தில் புளொப்பி செய்த எந்த நாட்டுக்காரனும் இதை யோசித்திருக்க மாட்டான். நான் தரையில் உட்கார்ந்தேன்.

அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நேரமில்லை. பத்து மணிக்கு ஆள் வருகிறார். அதற்குள் முதலாளியின் அக்கா மகன் சுரேஸ் ஒரு வேலை செய்தான். அவன் கொழும்பில் ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தவன். "காஞ்சா சரியாப் போகும்டா" என்று தட்டை வாங்கிக் கணினிக்குள் தள்ளினான். உள்ளே தேங்காய் துருவுவது போலச் சத்தம் வந்தது. இப்போது இயந்திரத்துக்கும் உள்ளே பொட்டு.

6

சவர அலகால் புளொப்பியின் உறையை ஒரு பக்கம் வெட்டினேன். தட்டை இரண்டு விரலால் உருவி எடுத்தேன். குளியலறைக் குழாயடியில், உடுப்புக் கழுவும் சவர்க்காரம் போட்டு, குழந்தைக்கு முகம் கழுவுகிற மாதிரிக் கழுவினேன். ரீச்சர் பக்கத்தில் நின்று, "மெல்ல, மெல்ல. கண்ணுக்குள்ள போகாமல்" என்றார். பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். சேலைத் தலைப்பால் துடைக்க வந்தவரைத் தடுத்து, விசிறிக்குக் கீழே இருவருமாக ஆளுக்கொரு ஓரம் பிடித்துக் காயவைத்தோம். கணினியின் வாசிக்கும் முனையைத் துடைக்க மதுசாரம் வேண்டும். ரீச்சரின் கைப்பையில் தலையிடிக்குப் பூசும் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் இருந்தது; அதிலும் மதுசாரம்தான். அறை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணத்தது.

பழுதான வேறொரு புளொப்பியின் உறைக்குள் தட்டைச் செருகிப் போட்டேன். வழக்கமான கட்டளை பாதியில் நின்றுவிட்டது. ஆகவே தட்டைத் துண்டு துண்டாக, ஒவ்வொன்றாய், வாசிக்க முடியாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்படி ஒரு சின்ன நிரல் எழுதினேன். பன்னிரண்டு வரி. என் வாழ்க்கையில் கையேடு பார்க்காமல் எழுதிய முதல் நிரல் அதுதான். இன்றைக்கு இந்தத் தொழிலில் எனக்கு ஏதாவது தெரியுமென்றால் அந்த அரைமணி நேரத்தில் தெரிந்ததுதான்.

தட்டில் எழுநூற்றி இருபது துண்டு. எழுநூற்றிப் பத்தொன்பது வந்தது. ஒன்று வரவில்லை.

வந்ததையெல்லாம் அதே தட்டில் வேறிடத்தில் சேர்த்து எழுதி ஓடவிட்டேன். திரையில் தமிழ் வந்தது. அ வந்தது, ஔ வந்தது, எல்லாம் வந்தது. ரீச்சர் கைதட்டினார். திரையின் அடியைப் பார்த்தேன். ஆக்கம் என்ற வரி இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம். சந்தனம் தின்ற ஒரு துண்டில்தான் என் பெயர் இருந்திருக்கிறது.

திரும்ப அடிக்க ஐந்து நிமிடம் போதும். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. கொழும்புக்காரர் பத்து நிமிடம் முந்தி வந்துவிட்டார்.

அவர் சப்பாத்தைக் கழற்றி, காலுறையோடு உள்ளே வந்தார். உயரமான, மெதுவாகப் பேசும் மனிதர். திரையைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார். சொன்னதையெல்லாம் அடிக்கச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், "இதை யார் செய்தது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். முதலாளி அதற்குள், "நம்ம மருமகப்புள்ளதான். சுரேஸ். கொழும்புல படிச்சவரு. அந்தா சர்ட்டிபிக்கட்டு" என்று சுவரைக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "டேய், ஐயாவுக்குத் தேத்தண்ணி கொண்டா" என்றார்.

திரையில் பெயர் இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று வருடக்கணக்காக நம்பினேன். இப்போது நம்பிக்கை இல்லை. சான்றிதழ் சுவரில் இருந்தது. என் பெயர் திரையின் அடியில், சின்ன எழுத்தில்.

தேத்தண்ணி கொண்டுபோனேன். அந்த மனிதர் சுரேஸிடம், "இந்த எழுத்துகளை நினைவகத்தில் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுரேஸ் கணினியின் முதுகைக் காட்டினான். தேத்தண்ணித் தட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே நான் சரியான பதிலைச் சொன்னேன். கொழும்புக்காரர் என்னைப் பார்த்தார், தட்டத்தைப் பார்த்தார்.

"அவன் இங்க கூட்டுற பயலுங்க ஐயா. கேட்டுக் கேட்டுச் சொல்லுவான்" என்றார் முதலாளி.

மத்தியானம் சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு மூன்று மணிக்கு மறுபடி பார்ப்பதாகப் பேசி, அவரைக் கீழே அழைத்துப் போனார்கள். கணினி ஓடியபடியே இருந்தது. நான் கிட்டே போய்ப் புளொப்பியை உருவிச் சட்டைக்குள் வைத்தேன். திரையில் தமிழ் அசையாமல் நின்றது. நிரல்தான் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறதே.

சுவரில் சுரேஸின் சான்றிதழுக்குப் பக்கத்தில் பத்திரிகையில் வெட்டிய மின்வெட்டு அட்டவணை ஒட்டியிருந்தது. ஒட்டியவனும் நான்தான். கண்டி, பேராதனை, பிலிமத்தலாவை: இரண்டரையிலிருந்து நான்கு வரை.

"நான் போறேன் ரீச்சர்."

"எங்க?"

கண்ணாடிக் கதவைத் திறந்து கம்பீரமாக வெளியே வந்தேன். வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் என்னுடையது இல்லை. சுரேஸுக்கு, கைக்கு, அதாவது காலுக்கு, அகப்பட்டதைப் போட்டுக்கொண்டு போகும் பழக்கம். கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவன் நின்று செருப்புத் தேட முடியாது. அப்படியே படியிறங்கினேன்.

7

பிலிமத்தலாவைக்குப் போனபோது இரண்டு மணி. பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் ஒரு செருப்புக் கடை இருந்தது. வாங்கப் போகவில்லை. வாசலில் நிழல் இருந்தது. அங்கே சீமெந்துப் படியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மகன், செருப்புக் கடெ வாசல்ல வெறுங்காலோட குந்தினா எனக்கு வேற வெளம்பரம் தேவயில்லெ. உள்ளுக்கு வாங்க" என்று ஒரு குரல் கேட்டது. தொப்பி போட்ட, நரைத்த தாடி மனிதர். கடைக்காரர் ஜவ்பர் நானா; முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்போம். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றச் சொன்னார். இன்னொரு செம்பு குடிக்க. "ஒங்கட பேரென்ன?" என்று கேட்டார். அன்றைக்கு யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சொன்னேன்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வானொலியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தேன். இரண்டு இருபத்தெட்டு. இருபத்தொன்பது. வானொலி ஒரு சொல்லின் நடுவில் நின்றது. விசிறி இரண்டு சுற்று சும்மா சுற்றி ஓய்ந்தது.

பன்னிரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு கண்ணாடி அறையில் என் எழுத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

"கரண்டு போனா சிரிக்கிற மனிசன இன்டெக்கித்தான் காண்றேன்" என்றார் நானா.

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். பொட்டு வந்த இடத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முதலாளி வந்த இடத்தில் சிரிக்கவில்லை.

"அப்ப ஒங்கட வேலெ அந்த மெசினுக்குள்ள ஈந்திச்சி. இப்ப அது மவுத்து, செத்துப்போச்சி."

"ஆமாங்க நானா."

"மிச்சம் ஒங்கட வகுத்துல ஈக்கி."

சட்டைக்கு மேலே தட்டிப் பார்த்தேன். இருந்தது.

8

ஐந்து மணி பஸ்ஸில் பரமேஸ்வரி ரீச்சர் வந்து இறங்கினார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம். என்னைக் கண்டதும் வீதியென்றும் பார்க்காமல் கத்தினார்.

"ரவி! கடவுளே, நீர் இஞ்சயோ நிக்கிறீர்? நாளைக்குத் தெல்தோட்டை பஸ் கொண்டக்டரிட்டைக் குடுத்துவிடுவம் எண்டு உம்மடை செருப்பைக் கொண்டு வாறன்!"

நானா அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டார். ரீச்சர் மூச்சு விடாமல் சொன்னார். கொழும்புக்காரர் மூன்று மணிக்கு வந்து இருட்டில் ஒரு மணித்தியாலம் இருந்தாராம். நாலுக்கு மின்சாரம் வந்ததும் சுரேஸ் கணினியைப் போட்டிருக்கிறான். ஆங்கிலம். நிலையத்தில் இருந்த அத்தனை புளொப்பியையும் ஒவ்வொன்றாய்த் தள்ளிப் பார்த்திருக்கிறான். ஆங்கிலம். கடைசியில் வெறுங்கையால் பெட்டியைத் தட்டியிருக்கிறான்.

"அந்த மனிசன் ஒண்டும் சொல்லேல்லை. 'தேத்தண்ணி கொண்டு வந்தவர் எங்க?' எண்டுதான் கேட்டவர். நீர் ஆற்றையோ செத்த வீட்டுக்குப் போயிட்டீர் எண்டு முதலாளி சொன்னார். வெள்ளிக்கிழமை திரும்ப வாறாராம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "முதலாளி உம்மை நாளைக்கு வரச் சொன்னவர். கதிரை போட்டாச்சு. என்ரை கண்ணாலை பாத்தன். பச்சைக் கதிரை."

எனக்கு உள்ளே ஏதோ துள்ளியது. உண்மையைச் சொல்ல வேண்டும்.

"ஆனால் ஒண்டு," என்றார் ரீச்சர், தரையைப் பார்த்து. "பேர் மட்டும் சுரேஸின்ரை பேராய் இருக்கட்டாம். அவனிட்டைத்தானே சேர்ட்டிபிக்கட் இருக்கு எண்டு சொல்லுறார்."

"வரலீங்க ரீச்சர்."

"உமக்கு விசரே? எத்தினை மாசம் பாடுபட்டனீர்!"

"கதிரையில நான் ஒக்காருவேன். அதுல அவன் பேரு எழுதியிருக்கும். அதுக்கு இந்தப் படியே போதும்."

அவர் செருப்புப் பொட்டலத்தை என் பக்கத்தில் வைத்தார். பிறகு, "என்ரை பொட்டாலைதானே எல்லாம்," என்றார்.

"பொட்டுக்கு முந்தியே சர்ட்டிபிக்கட்ட மாட்டிட்டாங்க ரீச்சர்."

நானா கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "மகன், சும்மா ஈக்கிறெண்டா காலெயில வாங்க. ஏழரெக்குத் தெறப்பேன். பின்னுக்கு ஒரு காம்பரா ஈக்கி, படுக்கலாம். வேலெ கொஞ்சம் மாறாட்டமான வேலெ. செல்லிப்போட்டேன்."

அந்தக் கடையில் எட்டு மாதம் இருந்தேன். கொழும்பிலிருந்து சாக்குச் சாக்காக இறப்பர் செருப்பு வரும். வழியில் கட்டு அவிழ்ந்து, இடமும் வலமும், சின்னதும் பெரியதும் கலந்துவிடும். கையில் எடுத்த ஒன்றுக்குச் சோடியைக் குவியலில் தேடினால் நாள் போய்விடும். ஆகவே பெட்டிகள் வைத்து, செருப்பின் அளவையும் வாரின் நிறத்தையும் கொண்டே அது எந்தப் பெட்டிக்கு என்று பார்த்த உடனே சொல்லும் ஒரு வழி செய்தேன். தேடவே வேண்டியதில்லை. நேரே அந்தப் பெட்டிக்குக் கையை விட்டால் சோடி இருக்கும். இன்றைக்கு வடகடலில் ஓடும் கப்பல்களின் நினைவகம் அதே வழியில்தான் தன் துண்டுகளைக் கண்டுபிடிக்கிறது. பெயர் மட்டும் வேறு.

இங்ரிட்டின் கட்டத்தில் நேற்று எழுதினேன்: "ஜவ்பர் நானா பாதணிக் கடை, பிலிமத்தலாவை." பட்டியலில் இல்லை, புதியதா என்று கேட்டது. ஆம் என்றேன். பச்சை நிறத்தில் ஒரு சரி விழுந்தது.

செருப்பில்லாமல் நடந்து வந்த அன்று இரவு நானாவின் கடைப் பின் அறையில் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஏழரைக்கு நானா கதவுப் பலகைகளைக் கழற்றும்போது, ரீச்சர் கொண்டுவந்த செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக வாசலில் நின்றேன். கடையின் நடுவில் மூன்று சாக்குகளை அவர் கவிழ்த்துக் கொட்டினார். இடுப்பளவு குவியல்.

"சோடி சேக்கணும். அதுதான் வேலெ" என்றார்.

"சரிங்க நானா."

அவர் என் காலைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். இடது காலில் என்னுடைய நீல வார்ச் செருப்பு. வலது காலில் சுரேஸின் பழுப்புத் தோல் செருப்பு. ரீச்சர் அந்தக் குவியலில் இருந்து அவசரத்தில் எடுத்திருக்கிறார்.

"இதுலயிருந்து தொடங்குங்க" என்றார் நானா.